காட்டுப் பூனை தோட்டாக்கள்!

கம்பெனிகள் செய்யாததை வீட்டுக் கொட்டகையில் செய்து காட்டிய மனிதர்கள்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒரு புல்வெளி. காலை நேரம்.

குதிரை ஒன்று ஏர் இழுத்துப் போகிறது. திடீரென்று அதன் முன்னங்கால் ஒரு பொந்துக்குள் இறங்குகிறது. அவ்வளவுதான்! கால் முறிந்து குதிரை கீழே சாய்கிறது.

அந்தக் காலத்து விவசாயிகளின் பெரிய பயம் இதுதான். பொந்தைத் தோண்டியது யார்?

"உட்சக்" என்று ஒரு பிராணி. பார்க்கப் பெருச்சாளி மாதிரி இருக்கும். ஆனால் அதைவிட மிகப் பெரியது. நாலைந்து கிலோ எடை இருக்கும். பயிரைத் தின்னும். வயல் முழுவதும் வளை தோண்டும். ஆள் வந்தால் விசில் அடிப்பது போல ஒரு சத்தம் போடும். மறு நொடி வளைக்குள் ஓடி மறைந்துவிடும்.

விவசாயி துப்பாக்கியை எடுத்தான். ஆனால் எந்தத் துப்பாக்கியை எடுப்பது?

சின்னத் துப்பாக்கியின் குண்டு 100 கெஜத்துக்கு மேல் சரியாகப் போகாது. உட்சக்கோ 200 கெஜத்துக்கு அப்பால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது!

மான் வேட்டைக்கு உள்ள பெரிய துப்பாக்கியை எடுக்கலாம். ஆனால் அதில் வேறு ஆபத்து. அந்தக் கனத்த குண்டு தரையில் பட்டால் தெறித்துக் கொண்டு போகும். பக்கத்து வயலில் மாடு மேயும். அதற்கு அப்பால் வீடு இருக்கும். வாசலில் குழந்தை விளையாடும்.

ஆகவே வேறு வகைக் குண்டு ஒன்று தேவைப்பட்டது. அது சின்னதாக இருக்க வேண்டும். மிக வேகமாகப் போக வேண்டும். தரையில் பட்டதும் தெறிக்காமல் அங்கேயே தூள் தூளாக வேண்டும்.

அப்படிப்பட்ட தோட்டா அன்று கடைகளில் இல்லை.

"கம்பெனிக்காரன் செய்யாவிட்டால் என்ன? நாமே செய்து விடுவோம்!" என்று சிலர் கிளம்பினார்கள். அவர்கள் செய்ததுதான் "ஒயில்டுகேட்" தோட்டா. ஒயில்டுகேட் என்றால் காட்டுப் பூனை!

ஏன் இந்தப் பெயர்?

வீட்டுப் பூனைக்கு ஒரு வீடு உண்டு. பால் ஊற்ற ஆள் உண்டு. காட்டுப் பூனைக்கு யாரும் இல்லை.

தோட்டாவும் அப்படித்தான். கம்பெனி செய்யும் தோட்டாவுக்கு அளவு உண்டு. கணக்கு உண்டு. பொறுப்பாளி உண்டு. காட்டுப் பூனை தோட்டாவுக்கு அது எதுவும் கிடையாது. கம்பெனியின் விலைப் பட்டியலில் அதன் பெயர் இராது. கடையில் கேட்டால் கிடைக்காது. அதைச் செய்தவனே அதற்குப் பொறுப்பு.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு தோட்டாவில் 4 பொருள்கள் உண்டு. பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியில் சின்ன கேப்பு. கூட்டுக்குள் மருந்து. கூட்டின் வாயில் குண்டு.

விசையை இழுத்ததும் ஊசி கேப்பைக் குத்துகிறது. கேப்பு தீப்பொறியைக் கக்குகிறது. மருந்து எரிந்து புகையாகிறது. அந்தப் புகை வெளியேற வழி தேடுகிறது. குண்டு ஒன்றுதான் வழி விடக்கூடியது. குண்டு குழல் வழியாகப் பறக்கிறது. பித்தளைக் கூடு துப்பாக்கிக்குள்ளேயே தங்கிவிடும்.

குண்டை வேகமாக அனுப்ப என்ன செய்ய வேண்டும்?

இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக் கொள்ளுங்கள். 20 மூட்டை ஏற்றினால் மெதுவாகப் போகும். ஒரே ஒரு மூட்டையை ஏற்றினால்? பறக்கும்!

காட்டுப் பூனைக்காரர்கள் செய்த தந்திரம் இதுதான். மான் வேட்டைக்கு உள்ள பெரிய தோட்டாவின் கூட்டை எடுத்தார்கள். எஃகு அச்சுக்குள் அதை அழுத்தினார்கள். அதன் கழுத்து சிறுத்தது. அந்தச் சின்னக் கழுத்தில் சின்ன குண்டைச் செருகினார்கள். கூடு பெரியது, மருந்து அதிகம். குண்டு சின்னது, பாரம் குறைவு.

எவ்வளவு சின்ன குண்டு தெரியுமா? அதன் குறுக்களவு ஓர் அங்குலத்தில் நூறில் 22 பங்கு. நாம் எழுதும் பென்சிலைவிட ஒல்லி. ஆகவே அதை "22" என்று அழைக்கிறார்கள். எடையோ சுமார் மூன்றரை கிராம். அரைப் பவுன் தங்கத்தின் எடைகூட இல்லை!

துப்பாக்கியையும் மாற்ற வேண்டும். புதுத் தோட்டா உட்காருவதற்கு ஏற்றபடி குழலின் அடிப்பகுதியைக் கடைய வேண்டும். தலைமுடி அளவு தவறினாலும் ஆபத்து. ஆகவே கடைசல் எந்திரம் வைத்திருந்தவர்களே இதில் இறங்கினார்கள்.

குளவி பிறந்தது

காட்டுப் பூனைகளில் முதலில் பெரும் புகழ் பெற்றது "22 ஹார்னெட்". ஹார்னெட் என்றால் குளவி.

1885-ம் ஆண்டில் வின்செஸ்டர் கம்பெனி ஒரு சின்னத் தோட்டாவை விற்றது. அதில் இருந்தது பழைய கருமருந்து. புகை அதிகம், வேகம் குறைவு. நாளடைவில் அதைக் கேட்பார் இல்லை.

1920-களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்பீல்டு ராணுவத் துப்பாக்கிச் சாலையில் சிலர் அந்தக் கிழட்டுத் தோட்டாவைத் தூசி தட்டி எடுத்தார்கள். கர்னல் டவுன்சென்ட் வீலன், காப்டன் வாட்கின்ஸ் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். பழைய கூட்டுக்குள் புகையில்லாத புது மருந்தைப் போட்டார்கள். நல்ல குண்டைப் பொருத்தினார்கள்.

கிழவன் குமரனாகி விட்டான்!

1930-ம் ஆண்டில் வின்செஸ்டர் கம்பெனியே அந்தத் தோட்டாவைச் செய்து விற்க முன்வந்தது. இதில் ஒரு வேடிக்கை. தோட்டா கடைக்கு வந்துவிட்டது. ஆனால் அதைப் போட்டுச் சுடுவதற்குக் கம்பெனித் துப்பாக்கி இல்லை! பழைய துப்பாக்கிகளை மாற்றி அமைத்தவர்களே முதலில் அதை வாங்கினார்கள். கம்பெனித் துப்பாக்கிகள் பிறகுதான் வந்தன.

பின்னாளில் அமெரிக்க விமானப் படை, விமானிகளுக்கு என்று சின்னத் துப்பாக்கி ஒன்றைச் செய்தது. விமானம் காட்டில் விழுந்தால், விமானி பசிக்கு வேட்டையாடி உயிர் பிழைக்க வேண்டும் அல்லவா? அந்தத் துப்பாக்கிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தோட்டா இந்தக் குளவிதான்.

குளவிக்கும் ஒரு குட்டி பிறந்தது. 1940-ல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த லைசில் கில்போர்ன் என்பவர் அதைச் செய்தார். எப்படி?

குழலில் தோட்டா உட்காரும் அறையைச் சற்று அகலமாகக் கடைந்தார். அதில் சாதாரணக் குளவித் தோட்டாவைப் போட்டுச் சுட்டார். உள்ளே எழுந்த அழுத்தத்தில் பித்தளைக் கூடு உப்பியது. அறையின் உருவம் அப்படியே அதில் பதிந்தது. அடுத்த தடவை அதே கூட்டில் கூடுதல் மருந்து போட இடம் கிடைத்தது! ஒரு சுடு சுட்டால் புதுக் கூடு தயார். இதற்கு "கே-ஹார்னெட்" என்று பெயர் வந்தது.

28 ஆண்டு வனவாசம்

காட்டுப் பூனைகளுக்கு எல்லாம் ராஜா "22-250".

1915-ம் ஆண்டில் சார்லஸ் நியூட்டன் என்பவர் சாவேஜ் கம்பெனிக்காக ஒரு தோட்டாவை அமைத்தார். அதன் குண்டு நொடிக்கு 3,000 அடி பாய்ந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். "250-3000" என்று பெயரிலேயே வேகத்தைச் சேர்த்து விற்றார்கள்.

1930-களில் பலர் இந்தக் கூட்டின் கழுத்தைச் சிறிதாக்கி, அதில் 22 குண்டைச் செருகிப் பார்த்தார்கள். அவர்களில் ஜெர்ரி கெபி என்பவர் 1937-ல் செய்த அமைப்பு மிகவும் பேர் பெற்றது. அவர் அதற்கு "வார்மின்டர்" என்று பெயர் சூட்டினார். பயிரை அழிக்கும் பிராணிகளை ஒழிப்பது என்று பொருள். பெயரைப் பதிவும் செய்துவிட்டார்!

மற்றவர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. ஆகவே, 250 தோட்டாவில் இருந்து வந்த 22 என்ற பொருளில், "22-250" என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆண்டுகள் ஓடின. ஊர் ஊராகக் கொட்டகைகளில் இந்தத் தோட்டாவைச் செய்தார்கள். குறி தவறாத தோட்டா என்று பெயர் எடுத்தது. ஆனால் எந்தக் கம்பெனியும் அதைச் செய்யவில்லை.

1963-ல் ஓர் அதிசயம் நடந்தது. பிரவுனிங் கம்பெனி 22-250 துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கடையில் தோட்டாவே இல்லாத துப்பாக்கி! வாங்குகிறவனே தோட்டாவைச் செய்து கொள்ள வேண்டும். அப்படியும் துணிந்து விற்றார்கள் என்றால், அந்தக் காட்டுப் பூனைக்கு இருந்த மவுசைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

1965-ல் ரெமிங்டன் கம்பெனி அதைத் தன் தோட்டாவாக ஏற்றுக் கொண்டது. 28 ஆண்டு வனவாசம் முடிந்தது. காட்டுப் பூனை வீட்டுப் பூனை ஆயிற்று!

இன்றும் அது உலகெங்கும் விற்பனையாகிறது. குண்டின் வேகம் நொடிக்கு 3,680 அடி. சத்தம் போவதைவிட 3 மடங்கு வேகம்! குண்டு அடித்த பிறகுதான் வெடிச் சத்தம் வந்து சேரும்.

வேகம் மட்டும் அல்ல. குழலின் உட்புறத்தில் திருகாணியில் இருப்பது போல வரிகள் இருக்கும். அவை குண்டைச் சுழற்றி விடும். 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிமிடத்துக்கு 1,89,000 சுற்றுகள்! பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்கிறது அல்லவா? அதுபோலச் சுழலும் குண்டும் நேராகப் போகிறது.

முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்...

இதுவரை சொன்னது பெருமை. இனிமேல் சொல்வது ஆபத்து.

22-250 தோட்டாவுக்குள் அனுமதிக்கப்படும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. மோட்டார் கார் டயருக்குள் இருப்பது சுமார் 30 பவுண்டு. அதைவிட இரண்டாயிரம் மடங்குக்கு மேல்!

இந்த அழுத்தம் எங்கே எழுகிறது? சுடுகிறவனின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்!

கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்துக் கொண்டு அவன் குறி பார்க்கிறான். அவனுக்கும் அந்த அழுத்தத்துக்கும் நடுவே இருப்பது கொஞ்சம் எஃகும் கொஞ்சம் பித்தளையும்தான். பித்தளைக் கூடு கிழிந்தால் நெருப்புப் புகை பின்பக்கம் பாயும். கண் போகும். கை போகும். உயிரும் போகலாம்.

கம்பெனித் தோட்டா என்றால் பயம் குறைவு. அமெரிக்காவில் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் சங்கம் ஒன்று 1926-ல் தொடங்கப்பட்டது. எந்தத் தோட்டாவுக்கு என்ன அளவு, எவ்வளவு அழுத்தம் என்று அது வரையறுத்து வைத்திருக்கிறது.

காட்டுப் பூனைக்கு அப்படி வரையறை கிடையாது. ஒருவர் கடைந்த அறையில் இன்னொருவர் செய்த தோட்டா பொருந்தாமல் போகலாம். பெயர் ஒன்றாக இருக்கும். அளவு வேறாக இருக்கும். "இன்னும் கொஞ்சம் வேகம்" என்று ஆசைப்பட்டு மருந்தைக் கூட்டினால், எந்தப் பொடி எமனாகும் என்று யாருக்குத் தெரியும்?

துப்பாக்கியை வெடிக்க வைத்த மனிதர்

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் ஒருவர். அவர் பெயர் பார்க்கர் ஆட்டோ ஆக்லி.

1903-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1936-ல் மேற்குக் கோடியில் உள்ள ஆரிகன் மாநிலத்துக்குப் போய்த் துப்பாக்கிப் பட்டறை தொடங்கினார். போருக்குப் பிறகு கொலராடோ மாநிலத்தில் டிரினிடாட் என்ற ஊரில், கல்லூரியில் துப்பாக்கித் தொழில் கற்றுக் கொடுத்தார். எத்தனையோ காட்டுப் பூனை தோட்டாக்களைச் செய்தார். கூட்டின் சரிவைக் குறைத்து, தோள் பகுதியை நிமிர்த்தி, மருந்துக்கு இடம் கூட்டும் முறைக்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது.

ஆனால் அவருடைய பெரிய சேவை வேறு. அவர் துப்பாக்கிகளை வேண்டுமென்றே வெடிக்க வைத்தார்!

பல நாட்டு ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்த்தார். ஜெர்மன் மாசர், அமெரிக்க ஸ்பிரிங்பீல்டு, ஜப்பானிய அரிசாகா எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றிலும் படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டிச் சுட்டார். எது எந்தக் கட்டத்தில் உடைகிறது என்று குறித்துக் கொண்டார்.

முடிவு எல்லாரையும் திகைக்க வைத்தது.

போருக்குப் பிறகு அமெரிக்க வீரர்கள் ஜப்பானியத் துப்பாக்கிகளை ஊருக்குக் கொண்டு வந்திருந்தார்கள். "மட்டமான சரக்கு" என்று பலர் அவற்றைக் கேலி செய்து வந்தார்கள். ஆக்லியின் சோதனையில் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தாக்குப் பிடித்தது அந்த 6.5 மில்லி மீட்டர் அரிசாகாதான்!

பேரைப் பார்த்து எடை போடாதே, சோதித்துப் பார் என்பது அந்தச் சோதனை கற்றுக் கொடுத்த பாடம். தாம் கண்டதை எல்லாம் 1962-ல் ஒரு கைநூலாக வெளியிட்டார். 1989-ல் காலமானார்.

யானைத் தோட்டாவில் எலிக் குண்டு

ஆக்லியிடம் நகைச்சுவையும் உண்டு.

துப்பாக்கிப் பத்திரிகை ஒன்றில் எழுதி வந்த பாப் ஹட்டன் என்பவருக்கு ஓர் ஆசை. குண்டு நொடிக்கு 5,000 அடி பாய வேண்டும்! ஆக்லி அதற்கு ஒரு தோட்டா செய்தார். யானை போன்ற பெரிய மிருகங்களைச் சுடும் "378 வெதர்பி" கூட்டை எடுத்தார். அதன் வாயை நசுக்கி அந்தச் சின்ன 22 குண்டைச் செருகினார். குடத்தின் மேல் கோலிக் குண்டை வைத்தது போல இருந்தது!

"இயர்கெஸ்பிளிட்டன் லவுடன்பூமர்" என்று அதற்குப் பெயர். ஜெர்மன் மொழி போல ஒலிக்கும். ஆனால் வெறும் கேலிப் பெயர். காதைக் கிழிக்கும் பெருவெடி என்று வைத்துக் கொள்ளலாம்.

5,000 அடி பாய்ந்ததா? இல்லை! 4,600 அடியோடு நின்றுவிட்டது.

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1935-லேயே வின்செஸ்டர் கம்பெனியின் "220 ஸ்விப்ட்" தோட்டா, ஏறத்தாழ அதே எடையுள்ள குண்டை 4,110 அடி வேகத்தில் அனுப்பியது. அதன் கூட்டைவிட யானைக் கூட்டில் இரண்டரை மடங்குக்கு மேல் மருந்துக்கு இடம் உண்டு. கிடைத்த ஆதாயமோ 490 அடிதான்!

குழல் சின்னது. அதன் வழியாக எவ்வளவு புகைதான் போக முடியும்? ஓர் அளவுக்கு மேல் மருந்து கூடினால் வேகம் கூடாது. குழல்தான் தேயும். வேகம் மிஞ்சினால் மெல்லிய குண்டு நடுவானிலேயே சிதறி, சாம்பல் நிறப் புகையாக மறைந்துவிடுவதும் உண்டு.

இன்னும் சிறிய குண்டுகளும் வந்தன. 1940-களில் ஆக்லி முதலியோர் "17" குண்டில் சோதனை செய்தார்கள். 1971-ல் ரெமிங்டன் கம்பெனி 17 தோட்டாவைக் கடைக்குக் கொண்டு வந்தது. 5 குண்டு சேர்ந்தால்தான் ஒரு பவுன் எடை! வேகமோ 4,040 அடி.

குறியில் அக்கறை கொண்டவர்களும் உண்டு. 1970-களின் நடுவில் லூயிஸ் பால்மிசானோ என்ற அறுவை சிகிச்சை டாக்டரும், பெரிஸ் பிண்டெல் என்ற கருவி செய்யும் நிபுணரும் சேர்ந்தார்கள். வேகத்தை அவர்கள் தேடவில்லை. குட்டையான ரஷியத் தோட்டாவின் கூட்டைத் திருத்தி "பி.பி.சி." என்ற தோட்டாவைச் செய்தார்கள். மேஜை மேல் துப்பாக்கியை வைத்துச் சுடும் போட்டிகளில் அது கொடி கட்டிப் பறந்தது. 100 கெஜ தூரத்தில் 5 குண்டுகள். ஐந்தும் ஏறத்தாழ ஒரே ஓட்டையில்!

வயலில் இருந்து போர்க்களத்துக்கு

காட்டுப் பூனைக்காரர்கள் கண்ட உண்மை, "சின்ன குண்டு, பெரிய வேகம்" என்பது. அந்த உண்மை வயலோடு நிற்கவில்லை.

1950-ல் ரெமிங்டன் கம்பெனியின் மைக் வாக்கர் "222" என்ற தோட்டாவை அமைத்தார். அது காட்டுப் பூனை அல்ல, கம்பெனிப் பிள்ளை. உட்சக்கைச் சுடவும், போட்டியில் சுடவும் செய்தது. 1950-களின் கடைசியில் யூஜின் ஸ்டோனர் என்ற நிபுணர் ராணுவத்துக்கு இலேசான துப்பாக்கி ஒன்றை அமைத்தார். அதற்காக அந்த 222 கூட்டைக் கொஞ்சம் நீளமாக்கினார்கள். அதுதான் "எம்-16" துப்பாக்கியின் 5.56 மில்லி மீட்டர் தோட்டா. வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் அதை ஏந்தினார்கள். 1980-ல் நேட்டோ நாடுகள் அந்த அளவையே பொதுவாக ஏற்றுக் கொண்டன.

1999 கார்கில் போரில் நம் வீரர்கள் ஏந்திய இன்சாஸ் துப்பாக்கியின் அளவும் 5.56 மில்லி மீட்டர்தான். நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் அந்தத் துப்பாக்கிகள் செய்யப்பட்டன.

பொந்து தோண்டும் பிராணியைச் சுடக் கண்டுபிடித்த வழி, மனிதனை மனிதன் சுடவும் பயன்பட்டது. கொட்டகையில் அச்சை அழுத்தியவர்கள் இதை நினைத்துப் பார்த்திருப்பார்களா?

இன்றும் அமெரிக்காவில் இந்தக் காட்டுப் பூனைகள் பிறந்து கொண்டுதான் இருக்கின்றன. நம் நாட்டில் அது நடக்காது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம்.

எத்தனையோ காட்டுப் பூனைகள் பிறந்தன. பெரும்பாலானவை வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிட்டன. வாழ்ந்தவை எவை? குளவி வாழ்ந்தது. 22-250 வாழ்ந்தது. பி.பி.சி. வாழ்ந்தது. யானைக் கூட்டில் அடைத்த 22 குண்டு வேடிக்கைக் கதையாகப் போயிற்று.

வேகம் எல்லாருக்கும் வேண்டும். ஆனால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவனின் தோட்டாவே நிலைத்தது. அவன் கண்ணும் கையும் தப்பின.